சைக்கிள் விளக்கும் சாலை மரியாதையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சைக்கிளின் முன்புறத்தில் ஒரு கைப்பிடி அளவே இடம்பெறும் விளக்கு அது. இதைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால், இரவு நேரத்தில் குறுகிய சாலை ஒன்றில் எதிரே வந்த ஒளியால் ஒரு கணம் குருடாகி, கால் வைக்கும் இடம் தெரியாமல் நின்றவர்கள் இப்பொருளைச் சிறியதென்று கருதமாட்டார்கள். விளக்கு வழி காட்டுவதற்கு ஏற்பட்டது. அதுவே பிறருக்கு வழியை மறைக்குமானால், அதை ஏந்திச் செல்வோர் சற்று நின்று சிந்திப்பது கடமையாகிறது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நமக்கு இது அன்றாடக் காரியம். காரணம் பூகோளத்தில் இருக்கிறது. பாரத நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். அக்கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஒட்டி ஓடுகிறது. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் தலைநகரமோ ஏறக்குறைய 92¾ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம் கணக்கிட்டால், சூரியன் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 41 நிமிஷம் முந்திச் செல்கிறான் என்பது விளங்கும். ஆகவே ஜூன் மாதத்தில்கூட மாலை ஐந்தே முக்கால் மணிக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. நவம்பர் பிற்பகுதியிலோ ஐந்து மணி அடிப்பதற்குள் சூரியன் கடலில் இறங்கிவிடுகிறான். அதே நாளில் சென்னையில் அஸ்தமனம் ஐந்து நாற்பதை ஒட்டி நிகழும். நம் பக்கத்து அந்திப்பொழுதும் நீண்டதன்று. அரை மணிக்குள் இருள் கவிந்துவிடும்.

இதன் பொருள் என்ன? தாயகத்தில் வெளிச்சத்தோடு வீடு திரும்பும் அதே நேரத்தில் இங்கே நாம் இருளில் திரும்புகிறோம். அலுவலகம் விட்டு வருவோர், கடையை மூடி வருவோர், சாத்தம் துறையில் படகிலிருந்து இறங்கி வருவோர், மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவர் ஆகிய அனைவருக்கும் ஆண்டின் பல மாதங்களில் சைக்கிள் விளக்கு என்பது ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை.

சைக்கிளுக்கு இத்தீவுகளில் தனி மதிப்பும் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய டெபோரா ஹெரோல்ட் பின்னர் நாடறிந்த சைக்கிள் பந்தய வீராங்கனையாக விளங்கினார். நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இவர்களைக் கண்டு சைக்கிள் ஏறும் சிறுவர் சிறுமியர் இங்கே பலர். அவர்களுக்கு வேகத்தோடு விளக்கைக் கையாளும் ஒழுங்கையும் கற்பிப்பது பெரியோர் பொறுப்பாகும்.

சைக்கிள் விளக்கின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். தொடக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. காற்றில் அணையும், குலுங்கினால் புகையும். அதன் பின்னர் டைனமோ வந்தது. சக்கரத்தோடு உராய்ந்து சுழன்று, 6 வோல்ட் மின்சாரம் உண்டாக்கி, சிறிய பல்ப் ஒன்றை எரித்தது. வேகமாக மிதித்தால் ஒளி கூடும். மெதுவாகச் சென்றால் மங்கும். நின்றால் அணைந்தே போகும். அந்நாளில் தமிழகத்து நகரங்களில் விளக்கில்லாமல் சைக்கிளில் சென்றவர்களைப் போலீஸார் நிறுத்தி, சக்கரத்தின் காற்றைப் பிடுங்கி அனுப்பியதை மூத்தோர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அக்காலத்துக் குறை ஒளி போதாமை. அந்த மஞ்சள் வெளிச்சம் எவர் கண்ணையும் உறுத்தியதில்லை.

இன்று நிலை தலைகீழாக மாறிவிட்டது. நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கண்டுபிடிப்பின் வழியே வந்ததுதான் இன்றைய வெண்மையான எல்.ஈ.டி. விளக்கு. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் இவ்விளக்கு மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய டைனமோ பல்ப் சில பத்து லுமென் ஒளியே தந்த இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் புதிய விளக்கு ஆயிரம் லுமெனும் அதற்கு மேலும் தருகிறது. இவற்றுள் பல, டார்ச் லைட்டைப் போல ஒளியை வட்டமாக நாற்புறமும் வீசும்படி அமைந்தவை. சாலையில் விழும் ஒளிக்குச் சமமான ஒளி மேலேயும் செல்கிறது. மேலே செல்லும் அவ்வொளியால் ஓட்டுபவருக்கு யாதொரு பயனும் இல்லை. அது எதிரே வருபவர் கண்ணுக்குள்தான் போய்ச் சேருகிறது.

கண் எவ்வாறு இருளில் பார்க்கிறது என்பதை அறிந்தால் இத்தீங்கின் அளவு விளங்கும். நம் விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. கூம்பு வடிவானவை பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் உரியவை. கோல் வடிவானவை மங்கிய ஒளிக்கு உரியவை. கோலணுக்களில் ஒருவகை நிறப்பொருள் இருக்கிறது. வைட்டமின் ஏ கொண்டு உருவாகும் அப்பொருள் இருளில் மெல்ல மெல்லச் சேருகிறது. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுத்திறன் பெற இருபது முதல் முப்பது நிமிஷம் ஆகும். இவ்வாறு பொறுமையாகச் சேர்த்த செல்வத்தைக் கண்ணைப் பறிக்கும் ஒளி ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கண்ணின் உள்ளே அவ்வொளி சிதறி, வெண்திரை போலப் பரவி, காட்சி அனைத்தையும் மூடுகிறது. இளைஞருக்குச் சில விநாடிகளில் தெளிவு திரும்பும். முதியோருக்கும், கண்புரை தொடங்கியவர்களுக்கும் சிதறலும் மிகுதி, தெளிவு திரும்பும் காலமும் நீளம்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்குச் சாதாரண வேகம். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் கடக்கிறோம். எதிர் விளக்கால் மூன்று விநாடி பார்வை மங்கினால், பன்னிரண்டு மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்களாகிறோம். அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஒரு பள்ளம் இருக்கலாம். படுத்திருக்கும் மாடு இருக்கலாம். சாலையோரத்தில் நடந்து செல்லும் ஒரு தாயும் குழந்தையும் இருக்கலாம்.

நம் தீவுச் சாலைகளின் அமைப்பு இந்த அபாயத்தை மேலும் பெருக்குகிறது. இவை சமவெளிச் சாலைகள் அல்ல. டெலானிப்பூரிலிருந்தும் கோல்கரிலிருந்தும் அபர்தீன் பஜார் நோக்கி வருபவர் ஏறியும் இறங்கியுமே வரவேண்டும். மேட்டின் உச்சியில் ஏறும் சைக்கிளின் விளக்கு வானத்தை நோக்குகிறது. மறுபுறத்தில் இறங்கத் தொடங்கும்போது, கீழிருந்து ஏறி வருபவரின் முகத்துக்கு நேராகவே பாய்கிறது. சமதளத்தில் சரியாகச் சாய்த்து வைத்த விளக்கும் மேட்டில் பிழையாகிவிடும். வளைவுகளிலும் அப்படியே. கார்பின்ஸ் கோவ் நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலை வளைந்து வளைந்து போவதால், ஒருவர் விளக்கு மற்றவர் கண்ணில் திடீரென்று தோன்றுகிறது. இவற்றோடு மழையும் சேருகிறது. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை பெய்யும் நாட்டில், நனைந்த சாலை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மழைத்தாரையில் உயரே வீசிய விளக்கு, அதை ஏந்தியவர் கண்ணையே மறைக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கால் தீங்கு பிறருக்கு மட்டுமே என்று எண்ணுதல் தவறு. எதிரே லாரி ஓட்டி வருபவர், கூசும் அவ்வொளியை மட்டுமே காண்கிறார். அதன் பின்னால் இருக்கும் சைக்கிளையும் மனிதரையும் காண்பதில்லை. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்த ஓரத்தில் வருகிறது என்பதை அவரால் மதிப்பிட முடிவதில்லை. தம்மைப் பிறர் காணவேண்டும் என்று வாங்கிய விளக்கே தம்மை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

மோட்டார் வாகனங்களுக்கு இது குறித்துச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்கின்றன. எவ்வளவு சாய்வு? விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்ணுடைய ஒருவருக்குக் கூச்சம் உண்டாகாத அளவு. ஒன்றரை மீட்டர் என்பது நிற்கும் மனிதரின் கண் உயரம் அல்லவா? அவ்விதியை வகுத்தவர்கள் காரில் வருபவரை மட்டும் நினைக்கவில்லை. சாலையில் நடந்து செல்லும் எளியவரையும் நினைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் அன்று. ஆதலால் அவ்விதி அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விதி கட்டுப்படுத்தாத இடத்தில்தான் பண்பு தொடங்குகிறது.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியவில்லை. மிகுந்த ஒளியால் பார்வை தடுமாறுவதைத் தமிழில் 'கண் கூசுதல்' என்கிறோம். பிறர் முன் நாணி நிற்பதையும் 'கூச்சம்' என்றே சொல்கிறோம். பிறர் முகத்தில் விளக்கை அடிப்பவருக்கு அந்தக் கூச்சம் வந்துவிட்டால், எதிரே வருபவருக்கு இந்தக் கூச்சம் வராது.

அயல்நாட்டு முறைகளையும் அறிந்துகொள்வது நலம். ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கு எதிரே வருபவரைக் கூசச் செய்யலாகாது என்று சட்டமே இருக்கிறது. அங்கே விற்கும் விளக்குகளில் ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். ஒளி முழுவதும் சாலையில் படிந்திருக்கும். மினுக்கி மினுக்கி எரியும் முன்விளக்குக்கு அங்கே அனுமதியில்லை. இந்த அமைப்புள்ள விளக்குகள் இப்போது பிற நாடுகளிலும் கிடைக்கின்றன. வாங்கும்போது எத்தனை லுமென் என்று கேட்பதோடு நில்லாமல், ஒளி மேலே சிதறாமல் இருக்குமா என்றும் கடைக்காரரைக் கேட்டறிவது அறிவுடைமை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மைச் சூழ்ந்திருக்கும் கடலே இதைக் கற்பிக்கிறது. நார்த் பே கலங்கரை விளக்கத்தைப் பழைய செந்நிற இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நாட்டு மக்கள் அனைவரும் கண்டிருக்கிறார்கள். அதன் ஒளி, தொலைவில் வரும் கப்பலுக்கென்று அளந்து அமைத்தது. அடியில் வாழ்வோர் முற்றத்தில் விழுவதன்று. கப்பல்களுக்கும் அவ்வாறே ஒழுங்குண்டு. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்பதைப் படகில் போகும் சிறுவரும் அறிவர். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. உரிய விளக்குகளுக்கு மேல் வேறு எதை ஏற்றினாலும், கண்காணித்து நிற்பவரின் பார்வைக்கு அது இடையூறு செய்யலாகாது. கவனத்தை ஈர்ப்பதற்காகக்கூட, மிகுந்த ஒளியோடு மின்னி மின்னி எரியும் விளக்கைத் தவிர்க்க வேண்டும் என்பன அவை. பரந்த கடலில் ஒரு மைல் இடைவெளியில் செல்லும் கப்பல்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், ஒரு கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ஒருவரையொருவர் கடக்கும் நமக்கு எவ்வளவு வேண்டும்!

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்லுவோம். யாவும் எளியவை, செலவில்லாதவை.

முதலாவது, விளக்கின் சாய்வு. சமமான தரையில், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்தில் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இடுங்கள். விளக்கை ஏற்றினால், ஒளியின் செறிந்த பகுதி அக்கோட்டுக்குக் கீழேயே விழவேண்டும். கோட்டுக்கு மேல் விழுந்தால், விளக்கின் தலையைச் சற்றுத் தாழ்த்தித் திருகாணியை இறுக்குங்கள். சாலையின் குலுக்கலில் விளக்கு மீண்டும் நிமிர்ந்துவிடும். ஆதலால் வாரம் ஒரு முறை இதைச் சோதித்தல் நன்று.

இரண்டாவது, ஒளியின் அளவு. பல விளக்குகளில் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உண்டு. தெருவிளக்கு உள்ள கடைத்தெருவில் குறைந்த ஒளி போதும். அங்கே நம்மைப் பிறர் காண்பதே தேவை. இருண்ட சாலையில் ஒளியைக் கூட்டிக்கொள்ளலாம்; எவரேனும் எதிர்ப்பட்டால் உடனே குறைத்துவிட வேண்டும். பொத்தானைத் தேடும் அவகாசம் இல்லையெனில், வேகத்தைத் தணித்து, இடக்கையை விளக்கின் மேற்புறத்தில் குடைபோல் கவித்தாலே போதும். மேட்டு உச்சியில் இப்பழக்கம் மிகவும் உதவும்.

மூன்றாவது, மினுக்கும் விளக்கு. பகலில் கவனத்தை ஈர்க்க அது பயன்படலாம். இரவில் முன்புறத்தில் அதை எரிப்பது எதிரே வருபவரின் கண்ணை மீண்டும் மீண்டும் தாக்குவதாகும். சிலர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். அவ்விளக்கு, யாரைத் திரும்பிப் பார்க்கிறோமோ அவர் முகத்திலேயே அடிக்கும். ரப்பர்ப் பால் எடுப்பவர்களுக்கு அது உற்ற துணை, சாலைக்கு ஏற்றதன்று. கைபேசியின் விளக்கைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது இருவருக்கும் ஆபத்து.

நான்காவது, பின்புறம். சிவப்பு விளக்கு நிலையாக, மிதமாக எரிந்தால் போதும். அதோடு மட்கார்டிலும் மிதிகட்டையிலும் ஒளி திருப்பும் தகடுகள் இருக்கட்டும். மிதிக்கும்போது ஏறி இறங்கும் அத்தகடுகள், முன்னே செல்வது சைக்கிள் என்று பின்னே வருபவருக்கு ஐயமின்றி உணர்த்தும். ஒருவரோடு பேச நின்றால் விளக்கைத் திருப்பியோ அணைத்தோ நிற்பதும் மரியாதையின் பாற்பட்டது.

"லாரியும் காரும் முழு வெளிச்சத்தோடு வரும்போது சைக்கிளில் செல்பவர் மட்டும் தாழ்ந்துபோக வேண்டுமா?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். சாலையில் மிகவும் எளியவர் சைக்கிளில் செல்பவர். அவருக்குத் தற்காப்பு வேண்டும். ஆனால் நாம் குறைக்கச் சொல்வது காப்பையன்று. ஒளி நிறைந்திருக்கட்டும், அது சாலையில் விழட்டும். மேலே வீணாகும் ஒளியைக் கீழே இறக்கினால் பள்ளமும் கல்லும் முன்னிலும் தெளிவாகத் தெரியும். மேலும், சைக்கிளில் செல்பவருக்கும் எளியவராகச் சாலையில் நடப்பவர் இருக்கிறார். அவர் கையில் விளக்கே இல்லை. வலியவர் நமக்குச் செய்யவில்லை என்பதற்காக, நம்மினும் எளியவருக்கு நாம் செய்யாமல் இருப்பது முறையாகுமா? பதிலுக்குப் பதில் விளக்கடித்தால், ஒருவர் குருடாகும் இடத்தில் இருவர் குருடாகிறார்கள். எதிர் விளக்கு கூசும்போது வேகத்தைத் தணித்து, சாலையின் இடது ஓரத்தை நோக்கியவாறு செல்வதே தக்க உபாயம்.

மனிதர் மட்டுமே நம் சாலைகளின் பக்கத்தில் வாழ்கின்றனர் என்றும் எண்ணவேண்டாம். ரங்கத்தை அடுத்த கத்பர்ட் விரிகுடாவிலும், திக்லிப்பூரை அடுத்த காலிப்பூரிலும் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. இரவில் மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், தாழ்வான அடிவானத்தில் எங்கே வெளிச்சம் மிகுதியோ அதையே கடல் என்று நம்பி நகர்கின்றன. கரையில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் அதை நோக்கித் திரும்பி, கடலை அடையாமல் மடிகின்றன. முட்டையிட வரும் தாயாமையும் வெளிச்சத்தைக் கண்டு திரும்பிப் போவதுண்டு. ஆகையால் அக்காலத்தில் கடற்கரைக்குச் சைக்கிளில் செல்வோர், மணல் தொடங்கும் முன்பே இறங்கி, விளக்கை அணைத்துவிடுவது நன்று. அங்கே விளக்கை அணைப்பதே உயிருக்கு வழி காட்டுவதாகிறது.

நேயர்களே, தாயகத்தைவிட்டு வந்து வாழும் நாம் பல மொழியினரோடு கலந்து வாழ்கிறோம். இத்தீவுகளில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சியிலிருந்து வந்தவரும் நிக்கோபாரியரும் ஒரே சாலையில் எதிர்ப்படுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழர்களும் நம்மிடையே உள்ளனர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் வணக்கம் சொல்ல நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எதிரே ஒருவர் வரும்போது விளக்கைச் சற்றே தாழ்த்தினால், அதன் பொருளை எவரும் அறிவர். அச்செய்கைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. நம்மவர் வேறு மாநிலங்களில், வேறு நகரங்களில் எங்கு வாழ்ந்தாலும் இதுவே பொருந்தும். வந்து குடியேறிய ஊரில் நமக்கு நல்ல பெயர் வருவது விழா மேடைகளில் மட்டுமன்று. இருட்டில், முகம் தெரியாத ஒருவருக்கு நாம் விட்டுக்கொடுக்கும் வழியிலும் அது வருகிறது.

இன்று மாலை சைக்கிளை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் செலவிட்டு, விளக்கின் தலை நிமிர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்திருந்தால் தாழ்த்துங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்துகாட்டுங்கள். நம் விளக்கு நமக்கு வழி காட்டட்டும். எதிரே வருபவருக்கும் அவர் வழி தெரியட்டும்.